மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு வாய்

இத்தாலியின் பலெர்மோவில் எனக்குச் சோறு போட்டது என் கைப்பக்குவம் அல்ல, என் இடுப்பு. பொலித்தேயாமா அரங்குக்கு அருகில் ஓர் அடுக்குமாடி வீட்டில், கால் வழங்காத ஒரு வயதான அம்மாவை, சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடுபவரை, பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் அவரைக் கட்டிலில் இருந்து தூக்கி நாற்காலியில் இருத்த வேண்டும். பின்னேரம் நாற்காலியில் இருந்து தூக்கிக் கட்டிலில் கிடத்த வேண்டும். நடுவில் செய்ததெல்லாம் யாரும் செய்யக்கூடிய வேலை.

நாற்பதைத் தாண்டியதும் என் வயிறு முன்னே வந்தது, பலம் பின்னே போனது. சிஞ்ஞோராவின் மகள் அதைக் கவனித்துவிட்டாள். அவர்கள் பேசியது இத்தாலியன்தான், ஆனால் என் நினைவில் எல்லாரும் எங்கள் தமிழில்தான் கதைக்கிறார்கள்.

"உன்னாலை அம்மாவைத் தூக்க ஏலாட்டில், கோடை முடிய நான் அவவை முதியோர் இல்லத்திலைதான் விடவேணும்" என்றாள்.

கெட்டவள் அல்ல, உள்ளதைச் சொன்னாள். சிஞ்ஞோரா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வேலை போய்விடும் என்ற பயம், அவருக்கு வீடு போய்விடும் என்ற பயம்.

உடம்பு வைத்தால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த மருந்து விரதம். இங்கே தங்குவதற்கான அனுமதி, பெர்மெஸ்ஸோ, கிடைக்க வேண்டும் என்று முருகனுக்கு நேர்ந்து வெள்ளிக்கிழமை பிடிக்கத் தொடங்கியவள் நான். பெர்மெஸ்ஸோ வந்தது, விரதமும் நின்றுவிடாமல் கூடவே வந்தது. இப்போது செவ்வாயையும் சேர்த்துக்கொண்டேன். முருகனுக்கும் ஆயிற்று, வயிற்றுக்கும் ஆயிற்று என்ற கெட்டித்தனம். மற்ற நாட்களில் காலையில் வெறும் தேத்தண்ணி, மத்தியானம் நின்ற நிலையில் ஏதாவது. இரவில் மட்டும், ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஓர் உணவகத்தில் வேலை செய்யும் என் கணவர் கொண்டுவரும் மீனோடு, கோப்பை நிறையச் சோறு.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, தூக்கிய பாதியில் என் முழங்கால்கள் மடங்கின. சிஞ்ஞோராவை மடியில் ஏந்தியபடியே தரையில் குந்திவிட்டேன். அவருக்கு ஒரு கீறலும் இல்லை.

"இண்டைக்கு என்ன சாப்பிட்டனி?" என்று மடியில் இருந்தபடியே கேட்டார்.

"ஒண்டுமில்லை. விரதம்."

"உன்ரை கடவுளுக்குத் தலைசுத்துற பொம்பிளையளைத்தான் பிடிக்குமோ?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஈஸ்டருக்கு முதல் நீங்கள் இறைச்சியை விடேல்லையோ?"

"விட்டனான். மீன் திண்டனான்!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரது கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் மணி அடித்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அவரைத் தரையில் கட்டிலோடு சாய்த்து இருத்திவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். பிறகு அவளும் நானும் சேர்ந்து தூக்கினோம்.

அன்று அந்தப் பெண் அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கொழுப்புக் குறைஞ்சு தசை வைக்கவேணுமெண்டால் பட்டினி சரிவராது. எத்தினை தரம் சாப்பிடுறது எண்டதிலை மந்திரம் ஒண்டுமில்லை. ஆனால் நீங்கள் பகல் முழுக்க வெறும் வயித்தோடை பாரம் தூக்கிப்போட்டு, இரவிலை மொத்தமாய்ச் சாப்பிடுறியள். அதைப் பிரியுங்கோ. மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, கொஞ்சமாய். ஒவ்வொரு முறையும் முட்டையோ மீனோ பருப்போ இருக்கட்டும்."

நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழும்பும் பயிற்சி ஒன்றையும் காட்டித் தந்தாள்.

அவித்த முட்டை, அவித்த கடலை, மிஞ்சிய மீன் என்று கைப்பையில் பெட்டிகள் ஏறின. செவ்வாய் விரதம் போயிற்று. இரவுச் சோற்றைப் பாதியாக்கிய முதல் கிழமை, கணவரின் கோப்பையைப் பார்த்தாலே ஆத்திரம் வந்தது. அவருக்கோ நல்ல பகிடி.

"என்னப்பா, ஆடு மாதிரி நாள் முழுக்க அரைச்சுக்கொண்டு திரியிறீராம்?"

"ஓம். பேசாமல் சாப்பிடுங்கோ."

வெள்ளிக்கிழமைதான் சிக்கல். முருகனுக்குச் சொன்ன வாக்கை வயிற்றுக்காக விட மனம் வரவில்லை. பாலும் பழமும் எடுத்தால் விரதம் முறியாது என்று எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ரிக்கோத்தா என்ற பாற்கட்டியும் பால்தானே? போர்கோ வெக்கியோ சந்தையில் அதை இளஞ்சூட்டோடு விற்பார்கள். வாங்கி, வாழைப்பழத்தோடு சாப்பிட்டேன். முருகன் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க நாம் மட்டும் வாயில் வைப்பது எங்கள் பழக்கத்தில் இல்லை. சிஞ்ஞோராவோ கோப்பியும் பிஸ்கோத்தும் தவிர எதையும் தொடமாட்டார், வற்றிப்போயிருந்தார். ஆனாலும் என் பெட்டி திறக்கும்போதெல்லாம் பாதியை அவர் முன்னால் வைத்தேன். முதலில் முகத்தைச் சுளித்தார்.

"நான் என்ன கோழியோ, இப்பிடிக் கொறிச்சுக்கொண்டிருக்க?"

"அப்ப நானும் சாப்பிடேல்லை. ரெண்டு பேரும் திருப்பி விழுவம்."

சாப்பிட்டார். பிறகு அவராகவே மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார். நான் பயிற்சிக்கு உட்கார்ந்து எழும்பும்போது, அவரும் நாற்காலிக் கையை அழுத்திக்கொண்டு முனகுவார். எனக்குப் பழிப்புக் காட்டுகிறார் என்றே நினைத்தேன்.

கோடை முடிந்து, மொண்டெல்லோ கடற்கரை வெயிலில் கறுத்துப்போய் மகள் வந்தாள். தராசில் என் நிறை அதிகம் இறங்கவில்லை. ஆனால் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊசி குத்த வேண்டியிருந்தது, படியேறினால் மூச்சு வாங்கவில்லை. எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். மகள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றாள்.

குனிந்து சிஞ்ஞோராவின் கைகளைக் கழுத்தில் போட்டு, மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். நான் பின்னால் சாயப் பார்த்தேன், அவ்வளவு லேசாக வந்தார். எனக்கு இவ்வளவு பலம் வந்துவிட்டதா என்று பெருமை தலைக்கேறியது. அப்போதுதான் மகள் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்ப்பதைக் கண்டேன். நானும் பார்த்தேன். சிஞ்ஞோராவின் பாதங்கள் இரண்டும் தரையில் ஊன்றியிருந்தன. முழங்கால் நடுங்க, அவராகவே நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை.

"இல்லத்தைப் பற்றி நாளைக்குக் கதைப்பம்" என்றார் மகளிடம். பிறகு என் காதோடு, "என்னை இருத்திப்போட்டு அந்தப் பெட்டியைத் திற. நேரமாச்சு, பசிக்குது" என்றார்.

மறுநாளும் யாரும் அதைக் கதைக்கவில்லை. அன்றைய முட்டையை, மகளுக்கும் சேர்த்து, மூன்றாகப் பிரித்தேன்.