துவைத்து வைத்த அறை

கண்ணோட்டம் என்றொரு பண்பு உண்டு. பிறர் துயரின்மேல் விழுந்த பார்வையை அப்படியே திரும்பி வரவிடாத பண்பு அது. கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாதவரிடத்தும் அது இருக்கும். எல்லாம் உடையவரிடத்தும் இல்லாமற்போகும். சில வேளைகளில், யாருக்காக இரங்கியதோ அவரையே வீழ்த்தியும் விடும். அப்பண்பை நிறையப் பெற்று, அதனாலேயே நெஞ்சில் ஆறாப் புண்ணும் பெற்றவள் ஒருத்தி. பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். எல்லாருக்கும் அவள் சலவையக்கா.

சலவைக்கூடம் நிலத்தடியில் இருந்தது. ஒரு பக்கம் அழுக்குத் துணி வரும் வாயில். மறுபக்கம் வெளுத்த துணி போகும் வாயில். நடுவே ஓயாமல் சுழலும் இயந்திரங்களும் ஆவியும். மேல்மாடிகளின் குருதியும் சீழும் ஒரு வாயிலில் இறங்கி, மறுவாயிலில் தும்பைப்பூவாய் ஏறிப்போகும். கறை என்று ஒன்று இருந்தால் அதை நீக்க ஒரு வழியும் இருந்தே தீரும் என்பது அவள் கொள்கை.

“எங்கம்மாவை விட்டா மழையையே பிழிஞ்சு கொடியில காயப் போட்டுடுவாங்க” என்பாள் மகள். கைப்பேசிக் கடையில் விற்பனைக்கு நிற்பவள். நாக்கில் எப்போதும் கொஞ்சம் மிளகு இருக்கும்.

இந்த மகள் சிறு பிள்ளையாக இருந்தபோதுதான் தகப்பன் நோயில் இறந்தான். குடியிருந்த வீடு போயிற்று. பெண்கள் காப்பகத்தின் நீண்ட கூடத்தில் தாய்க்கும் பிள்ளைக்குமாக ஒரு கட்டில் கிடைத்தது. ஆதரவற்றோருக்கு வீடும் துணையும் தரும் துணைவீட்டுத் திட்டத்தார் ஒரு காலை அவர்களைப் பார்க்க வந்தார்கள். அன்று பார்த்துப் பிள்ளை படுக்கையை நனைத்திருந்தது. மாற்று விரிப்பு இல்லை. வந்த பெண்மணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கட்டிலைக் குனிந்து குனிந்து பார்த்தாள். சலவையக்கா சுவரைப் பார்த்தபடி நின்றாள். பிறகு வீடு கிடைத்தது. அடுக்குக் கட்டடமொன்றின் தரைத்தளத்தில் இரண்டு அறைகள். ஆனால் அந்தக் கைக்குட்டை அவள் நினைவைவிட்டு அகலவில்லை. அவ்வளவு அசிங்கத்தைக் கண்ட பிறகும் வீடு கொடுத்தார்களே, இறைவன்தான் அவர்கள் கண்ணை மறைத்திருக்க வேண்டும் என்று நம்பி, நாள்தோறும் தொழுதாள்.

ஆண்டுகள் பல கழிந்தபின் அதே திட்டத்தின் ஆலோசனைக் குழுவில் அவளுக்கு ஓர் இருக்கை கொடுத்தார்கள். வீடில்லாத் துன்பத்தை அனுபவித்தவர் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்பது விதி. நகராட்சிக் கட்டடத்தின் மாடியில், நீண்ட மேசையைச் சுற்றிக் குழு கூடும். தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வலப்பக்கம் ஒரு மருத்துவர் அம்மாள். எதிரே, வீடு வேண்டுவோரை நேரில் பார்த்து வரும் கள அலுவலர். அவர் பார்த்ததைச் சொல்வார், மற்றவர்கள் பேசுவார்கள், முடிவில் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, “வேற பேச்சு உண்டா?” என்பார். ஒருவரும் வாய் திறவாவிட்டால் அதுவே தீர்ப்பு.

அந்த மழைக்காலத்தில் தரைத்தள வீடு ஒன்று காலியாயிற்று. அதைக் கேட்டு வந்தவர்களுள் ஒரு தாயும் வளர்ந்த மகனும் இருந்தார்கள். தாய், முன்பு தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்து வந்தவர். அக்கம்பக்கத்தார்க்கு டெலிபோன் அம்மா. மகனுக்கு வலிப்பு நோய். டயர்க் கிடங்கின் மேல் ஒற்றை அறையில் குடியிருப்பு. ஏறி இறங்கச் செங்குத்தான இரும்புப் படிக்கட்டு. மகன் அந்தப் படியில் என்றைக்கு விழுவானோ என்பதே அந்தத் தாயின் ஓயாத அச்சம்.

கள அலுவலர் பார்ப்பதற்குமுன் குழுவினர் யாரும் மனுதாரரைச் சந்திக்கக் கூடாது. சலவையக்காவுக்கு அது தெரியும். ஆனால் அந்தத் தெரு அவள் வேலைக்குப் போகும் வழியில் இருந்தது. கிடங்கின்மேல் சன்னலில் திரையாகக் கட்டியிருந்த அழுக்கேறிய விரிப்பை அவள் நிமிர்ந்து பார்த்தாள். கைக்குட்டை நினைவுக்கு வந்தது. ‘நான் பேசப் போகவில்லை, துவைக்கத்தான் போகிறேன்’ என்று தன் மனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு படியேறினாள்.

கதவைத் தட்டியதும் உள்ளிருந்து ஓர் ஆண்குரல் கணீரென்று வந்தது. “வணக்கம், எந்த நம்பர் வேணும்? லைன்ல இருங்க.”

“கதவைத் திறடா, ஆபரேட்டரு” என்று தாயின் குரல் கேட்டது.

திறந்தவன் ஆள் உயரமாக இருந்தான்; நெற்றியில் பழைய தழும்புகள். பின்னால் நின்ற டெலிபோன் அம்மா, “யாரும்மா நீ?” என்றார்.

“நாளைக்கு உங்களைப் பார்க்க வராங்கல்ல. அதுக்குள்ள ஒரு கை துவைச்சுக் குடுக்கலாம்னு வந்தேன்.”

“கூலி குடுக்க வழியில்லம்மா.”

“கூலியா கேட்டேன்? வாளி எங்க இருக்குன்னுதான் கேக்கப் போறேன்.”

கீழ்க்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தாள். விரிப்புகளைத் துவைத்தாள். விரிப்பு மடிக்க மறுமுனையை மகன் கையில் கொடுத்து, “இழுத்துப் பிடி தம்பி, வயர் அறுந்துடப் போகுது” என்றாள். அவன் சிரித்த சிரிப்பில் தாயும் சேர்ந்து சிரித்தார். கட்டில் மூலைகளிலும் மேசைக் கால்களிலும் கந்தல் துணிகள் தடித்தடியாகச் சுற்றப்பட்டிருந்தன. படியின் தலைப்பில் குறுக்கே ஓர் அழுக்குக் கயிறு கட்டியிருந்தது.

“அவன் விழுந்தா தலையில அடிபடக் கூடாதுன்னு சுத்தினது. கயிறு, தெரியாமப் படிக்குப் போயிடக் கூடாதுன்னு” என்றார் டெலிபோன் அம்மா.

“பார்க்க ஒரு மாதிரி இருக்கும்மா. துவைச்சு மடிச்சு வெப்போம். அவங்க வந்துட்டுப் போனதும் திரும்பக் கட்டிக்கலாம்.”

போகும்போது படிக்கட்டையும் தேய்த்துக் கழுவினாள். ஒவ்வொரு படியாக உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டே இறங்கினாள். “கடைசியில படியையும் கழுவி விடணும்மா. முதல்ல கண்ணுல படுறது அதுதான்” என்றாள்.

குழு கூடிய அன்று கள அலுவலர் சொன்னார்: “வீடு கண்ணாடி மாதிரி இருக்கு. என் வீட்டை நெனச்சு எனக்கே வெட்கமாப் போச்சு.” மேசையைச் சுற்றிச் சிரிப்பெழுந்தது. “மகனுக்கு வலிப்புன்னு சொல்றாங்க. ஆனா அடிபடாம இருக்க எந்த ஏற்பாடும் இல்ல. அடிக்கடி வர்றதா இருந்தா ஏதாவது செஞ்சு வெச்சிருப்பாங்கல்ல? யார் துணையும் இல்லாம நல்லாவே சமாளிக்கிறாங்க.”

“அப்போ இதைவிட அவசரமானவங்களைப் பார்ப்போம்” என்றார் தலைவர். கண்ணாடி மேசைமேல் இறங்கியது. “வேற பேச்சு உண்டா?”

சலவையக்கா எழுந்து நின்றாள்.

“உண்டு ஐயா. அது நான் துவைச்சு வெச்ச வீடு.”

தான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கந்தலை அவிழ்த்ததையும் கயிற்றை அவிழ்த்ததையும் சொன்னபோது மருத்துவர் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏன் அக்கா இப்படிச் செஞ்சீங்க?” என்றார் கள அலுவலர். கோபத்தைவிட வருத்தமே அக்குரலில் மிகுந்திருந்தது. “சுத்தமா இருந்தா வீடு கிடைக்கும்னு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. எங்க அழுக்கைப் பார்த்த பிறகும் எனக்குக் குடுத்தீங்களே, அந்தப் புண்ணியத்தை நான் மறக்கல. ஆனா அன்னிக்கு நான் பட்ட அவமானம் இன்னொருத்திக்கு வேணாம்னு நெனச்சேன்.”

தலைவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“பார்த்த பிறகும் இல்லம்மா. அதைப் பார்த்துத்தான் குடுத்தோம். அன்னிக்கும் நான் இந்த மேசையிலதான் இருந்தேன்.”

இத்தனை ஆண்டுகள் இறைவன் மறைத்தான் என்று அவள் தொழுதுவந்த கறையே அவளுக்கு வீடு வாங்கிக் கொடுத்திருக்கிறது.

குழு இரக்கமற்றதன்று. காலி வீட்டை ஒருவர்க்கும் கொடாமல் நிறுத்தி வைத்து, மறுமுறை பார்த்து வருவது என்று முடிவாயிற்று. ஆனால் தலைவர் ஒரு நிபந்தனை விதித்தார். அதுவரை சலவையக்கா குழுவிலிருந்து விலகியிருக்க வேண்டும், அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது, சொல்லியனுப்பவும் கூடாது.

“துவைக்க வேணாம்னு மட்டும்…” என்று அவள் தொடங்கினாள்.

“அதைச் சொன்னா, நீங்க சொல்லிக் குடுத்து நடிச்சதா ஆயிடும். அவங்க மனுவே தள்ளுபடி ஆயிடும்மா.”

வீட்டில் மகள் கேட்டாள்: “அப்போ அவங்ககிட்ட யார்தான் சொல்லுவா?”

“யாரும் சொல்ல மாட்டாங்க. இருக்கிறபடி பார்க்கணுமாம்.”

“நல்லா இருக்கே. எதைப் பார்க்கப் போறோம்னு சொல்லாமலே பரீட்சை வெப்பாங்களாம், ஃபெயில் ஆனா வீடு கிடையாதாம். நான் போய்ச் சொல்றேன். நான் ஒண்ணும் உங்க குழுவுல இல்லையே.”

“வேணாம்டி. தெரிஞ்சா அவங்களுக்குத்தான் கெடுதல்.”

மகள் மேலும் வாதாடவில்லை. அதற்காகப் பின்னாளில் தன்னையே நொந்துகொண்டாள்.

சலவையக்கா நாள்தோறும் அந்தத் தெருவின் எதிர்ப்புறமாக நடந்து போனாள். ஒரு காலை நிமிர்ந்து பார்த்தபோது சன்னல் விரிப்பு புதிதாக வெளுத்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மறுபடியும் துவைத்திருக்கிறார்கள். அப்படியானால் கந்தலும் கயிறும்? சாலையைக் கடக்க ஓரடி எடுத்து வைத்தாள். மனு தள்ளுபடியாகிவிடும் என்ற சொல் காலைக் கட்டியது. கண்டும் காணாதவளாய்ப் போவது அவள் பிறவியில் இல்லாத பழக்கம். அன்று அதையும் பழகினாள்.

முற்பகலில் கள அலுவலர் சலவைக்கூடத்தின் வாயிலில் வந்து நின்றார். அழுக்குத் துணி வரும் வாயில் அது. அவர் சட்டை நனைந்திருந்தது. இயந்திரங்களின் இரைச்சலில் அவர் சொன்னது முதலில் கேட்கவில்லை. அவள் அருகே வந்தாள்.

“இன்னிக்குத்தான் பார்க்க வரேன்னு சொல்லியிருந்தேன் அக்கா. நான் போறப்பவே கீழ கூட்டம். படியெல்லாம் ஈரம். கயிறு மேல மடிச்சு வெச்சிருந்துச்சு.”

“பையன்?”

அவர் இல்லை என்று தலையை அசைத்தார்.

பிணவறைக்குப் போகும் நடையில் டெலிபோன் அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு வெற்று வாளி. அதை எதற்காகத் தூக்கி வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. சலவையக்கா எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“நீ சொன்ன மாதிரிதான்மா செஞ்சேன்” என்றார் டெலிபோன் அம்மா. குரலில் அழுகை இல்லை. கணக்கு ஒப்புவிக்கும் பிள்ளையின் குரல் போல் இருந்தது. “எல்லாத்தையும் அவிழ்த்துத் துவைச்சேன். கடைசியா படி. நான் கழுவிக்கிட்டே கீழ வந்துட்டேன், துணி எடுத்துத் துடைக்கணும். வாளி கம்பியில தட்டிடுச்சு. யாரோ கதவைத் தட்டுறாங்கன்னு நெனச்சுட்டான். ‘லைன்ல இருங்க’ன்னு சொல்லிக்கிட்டே வெளிய வந்தான்.”

சலவையக்கா அவர் பாதங்களைப் பற்றினாள்.

“உன்னைக் குத்தம் சொல்லல. நீ வந்துட்டுப் போன அன்னிக்குத்தான் நாங்க ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சோம்” என்றார் அந்த அம்மாள்.

அதைவிட ஒரு வசவை எளிதாகத் தாங்கியிருப்பாள். பிணவறையில் அவனைப் போர்த்தியிருந்த வெள்ளை விரிப்பின் ஓரத்தில் சலவைக்கூடத்தின் முத்திரை இருந்தது. அதையும் அவளும் அவள் தோழிகளுமே வெளுத்திருந்தார்கள்.

காலி வீடு டெலிபோன் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. அது இருவர் குடியிருக்கும் வீடு. தனியாளுக்கு வேறு வரிசை. அதில் முன்னால் பலர் காத்திருந்தார்கள். இதைச் சொல்ல வந்த கள அலுவலர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. குழு சலவையக்காவைத் திரும்ப அழைத்தது. போனாள், இருக்கையில் அமரவில்லை.

“பார்க்கப் போறதுக்கு முன்னாடி, எதைப் பார்க்கப் போறீங்கன்னு சொல்லிட்டுப் போங்க ஐயா. எங்களை மாதிரி ஆளுங்க, விருந்தாளி வராங்கன்னா வீட்டைப் பெருக்கத்தான் செய்வோம்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் மேசைமேல் வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். யோசிப்பதாகச் சொன்னார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றே சலவையக்கா கிடங்கின் படியேறி, தன் வீட்டுக்கு வந்துவிடுமாறு டெலிபோன் அம்மாவை அழைத்தாள்.

“வரேன். ஆனா என்னோடது எதையும் நீ துவைக்கக் கூடாது.”

“துவைக்க மாட்டேன்.”

மகள் தன் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தாயோடு தரையில் படுத்துக்கொள்கிறாள். “எங்கம்மா குறட்டையில மோட்டார் பஸ்ஸே ஓடும், உங்களுக்குக் கேக்குதா?” என்று அவள் கேட்டால், டெலிபோன் அம்மா உதட்டோரம் சற்றே அசைவதுண்டு, எப்போதும் இல்லை. யாரேனும் கதவைத் தட்டினால் மட்டும் மூவரும் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

மகன் கடைசியாகப் படுத்திருந்த விரிப்பு ஒன்று, அன்று சலவைக்குத் தப்பியது, அந்தக் கட்டில்மேல் விரித்திருக்கிறது. தலைப்பக்கம் எண்ணெய்க் கறை. நாளாக நாளாக அது பழுப்பேறி வருகிறது. ஊரார் கறையையெல்லாம் வெளுத்த கைகள் காலைதோறும் அதன் அருகே வந்து, சுருக்கத்தைக்கூட நீவாமல் திரும்பிப் போகின்றன.

அந்தக் கைகளுக்கு இறைவன் ஆறுதல் அருள்க. அவ்வில்லத்தின் கூரை ஒழுகாதிருக்க, அடுப்பு அவியாதிருக்க, அதன் வாயிலைத் தட்டுகிற கை இனியொரு துயரச் செய்தி கொணராதிருக்க. பெற்ற மகளும் தஞ்சம் புகுந்த தாயும் ஒருவர்க்கொருவர் துணையாய் நீடு வாழ்க. தன்முன் எதையும் மறைக்க வேண்டியிராத திருவருளின் பார்வை அவ்விரண்டு அறைகளின் மேலும் என்றும் தங்குக.