பகல் கண்ணுக்கு ஒரு சான்றிதழ்

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவின் மூவாரில் லோரி ஓட்டியவர்கள் மருத்துவச் சான்றிதழைச் சட்டைப் பையில் வைப்பதில்லை. எண்ணெய்த்துணியில் சுற்றி மடியில் முடிந்துகொள்வார்கள். வாகனம் ஓட்டும் உடல்தகுதி உண்டென்று சிவப்பு முத்திரையிட்ட அந்தத் தாளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சோதனையில் தவறியவர் அன்றே வேலையற்றவராகக் கணக்கிடப்படுவார். வேலையற்ற ஆண்களைச் சயாமுக்கு ரயில்பாதை போட அனுப்பினார்கள். போனவர்களிடமிருந்து எந்தச் செய்தியும் வந்ததில்லை.

நான் சென்னையில் பட்டம் பெற்று, ஆசிரியர் வேலைக்காக மூவாருக்கு வந்தவன். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஜப்பானியர் நடத்திய வகுப்பில் அவசரமாகக் கற்ற ஜப்பானிய மொழியால் மருத்துவமனையில் எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் பிழைத்துக் கிடந்தேன். தோட்டங்களிலிருந்து நோயாளிகளை ஏற்றிவரும் லோரியில் வாரந்தோறும் நானும் போவேன்.

அதை ஓட்டியவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. மனைவியும் இரண்டு மகள்களும் இருந்தனர். பெட்ரோல் கிடைக்காததால் கரியடுப்பின் வாயுவில் ஓடிய அந்த லோரி மேடு கண்டால் இருமத் தொடங்கிவிடும்.

"சீக்காளிங்கள விட நம்ம வண்டிதான் மோசமா இருமுது லா. இதுக்கும் ஒரு கட்டில் போடச் சொல்லுங்க, பி.ஏ. தம்பி" என்பார்.

காவற்சாவடி ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி இறங்கி, காவலாளியை நோக்கி இடுப்பு வளையக் குனிந்து வணங்க வேண்டும் என்பது அன்றைய நியதி. தவறியவர்கள் அறை வாங்கினார்கள். அறையோடு விட்டால் அதிர்ஷ்டம்.

ஒரு நாள் அந்திப்பொழுதில் ஆற்றங்கரைச் சாவடியில் அவர் இறங்கினார். கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து, முறை பிசகாமல், மிக ஆழமாக வணங்கினார். அவர் வணங்கியது சாவடிக்கு இடப்பக்கம் நின்ற ஒரு வாழைமரத்தை. காவலாளி வலப்பக்கத்தில், துப்பாக்கியில் செருகிய கத்தியோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஓடிச்சென்று அவன் முன் குனிந்தேன். நிமிர்வதற்குள் சிரிப்பொலி கேட்டது. தன் தோழனைக் கூப்பிட்டு வாழைமரத்தைக் காட்டிச் சிரித்த அவன், போகலாமென்று கையசைத்தான். அவனுக்குச் சிரிப்பு வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாங்கள் இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

வண்டி நகர்ந்ததும் கேட்டேன்: "அண்ணே, யாருக்குக் கும்பிடு போட்டீங்க?"

"ஏன், அங்கதானே நின்னான்?"

"அது வாழைமரம்."

"அலமாக்!" என்று மலாயில் அலறி, வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "பகல்ல ஈயோட கால கூட எண்ணிருவேன், தம்பி. பொழுது சாஞ்சா யாரோ சாக்க எடுத்துத் தலையில கவுத்துன மாதிரி ஆயிருது. பழகின ரோடு, அதான் கை தானா திரும்புது. வெளிய சொல்லிடாதீங்க. இந்த மாசம் டாக்டர் சீட்டு புதுப்பிக்கணும்" என்றார்.

எங்களுக்குப் பின்னால், பலகைத் தடுப்புக்கு அப்பால், காய்ச்சலில் முனகும் மனிதர்கள் படுத்திருந்தார்கள். ஒரு குழந்தை விட்டுவிட்டு அழுதது. நான் வாய் திறந்தால் ஒரு குடும்பத்தலைவர் சயாமுக்குப் போவார். வாய் மூடினால் அத்தனை பேரும் ஒருநாள் வாய்க்காலுக்குள் போகக்கூடும். இரண்டையும் எடைபோட்டு, மருத்துவரிடம் மட்டும் சொல்வதென்று முடிவுசெய்தேன்.

மருத்துவர் யாழ்ப்பாணத்தவர். வியப்படையவில்லை.

"வெறும் மரவள்ளியைத் திண்டுகொண்டிருந்தால் கண் வேற என்ன செய்யும்? மாலைக்கண். செம்பனை எண்ணெய் குடிக்கச் சொல்லும், மாறிவிடும். சோதனை காலமை வெயிலிலதானே, அதில தப்பிவிடுவார். ஆனால் அதுவரைக்கும் பொழுதுபட முன்னம் லோரி திரும்பவேணும். விளங்குதோ?"

அன்றுமுதல் பகல் சாய்வதற்குள் திரும்பினோம். உட்பகுதியில் இருந்த செம்பனைத் தோட்டமொன்றிலிருந்து, தன் கலியாணச் சேலையைக் கொடுத்து, ஓட்டுநரின் மனைவி ஒரு போத்தல் எண்ணெய் வாங்கிவந்தார். செக்கச்செவேலென்று கெட்டியாக இருந்தது.

"இது எஞ்சினுக்கு ஊத்த வேண்டியது" என்று முகத்தைச் சுளிப்பார் ஓட்டுநர்.

"எஞ்சின் இவ்வளவு பேசாது. வாயத் தொறங்க" என்பார் அந்த அம்மாள்.

சோதனை நாளன்று ஓட்டுநர்கள் காலையிலேயே வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். முத்திரையிட வேண்டிய ராணுவ அதிகாரி வரவில்லை. படகுத்துறையில் தாமதம் என்றார்கள். வெயில் தாழ்வாரத்தைவிட்டு இறங்கி, முற்றத்தைக் கடந்து, வேலியோரம் போய் மறைந்தது. அதன் பிறகே அதிகாரி வந்தார். சோதனையை நாளை வைத்துக்கொள்ளலாமே என்று மருத்துவர் கேட்டதை நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி தலையை ஆட்டி மறுத்தார். விளக்கெரிக்க எண்ணெய் இல்லை. சுவரில் மாட்டிய கண்சோதனை அட்டை மங்கிப்போயிருந்தது. அதிகாரி தாழ்வாரத்தின் மறுகோடிக்கு நடந்து சென்று, ஒரு கையை உயர்த்தினார்; எத்தனை விரல் என்று ஓட்டுநர்கள் சொல்ல வேண்டும்.

எங்கள் ஓட்டுநரின் முறை வந்தது. அவர் சொல்வதை ஜப்பானிய மொழியில் சொல்ல வேண்டியவன் நான். அதிகாரியின் விரல்கள் எனக்குத் தெரிந்தன. ஓட்டுநர் தவறாகச் சொன்னால் நான் சரியான எண்ணாக மாற்றிச் சொல்வதா? அந்த லோரியில் இனி ஏறப்போகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது? முடிவெடுக்கும் முன்பே அவர் பேசினார்.

"மூணு. இப்ப ரெண்டு." சற்று நின்று, "இப்ப கைய மூடிட்டாரு."

மூன்று பதில்களும் சரி. எண்ணெய் வேலை செய்திருந்தது. மருத்துவர் மெல்லப் பெருமூச்சு விட்டார். அதிகாரியும் மகிழ்ச்சியோடுதான் எங்களிடம் நடந்து வந்தார். முத்திரையை அழுத்திவிட்டு என்னிடம் சில சொற்கள் சொன்னார்.

"என்னாவாம், தம்பி?" என்றார் ஓட்டுநர், தாளை வாங்கியபடி.

"இருட்டில ஓட்ட நல்ல கண்ணுள்ள ஆளுங்க வேணுமாம். நாளைக்குக் காலையில லோரியோட கிளம்பணுமாம்."

"எங்க?"

"சயாமுக்கு."

அவர் தாளை எண்ணெய்த்துணியில் வைத்துச் சுற்றினார். வழக்கம்போல நிதானமாகவே சுற்றினார். "அங்க அந்த எண்ணெய் கெடைக்குமான்னு கேளுங்க" என்றார்.

கேட்டேன். அங்கே எல்லாம் கிடைக்கும் என்றார் அதிகாரி. அதையும் மொழிபெயர்த்தேன்.

லோரி போன மறுநாள் ஓட்டுநரின் மனைவி மருத்துவமனைக்கு வந்து, பாதி இருந்த போத்தலை என் மேசைமீது வைத்தார். "கூடக் கொண்டு போங்கன்னேன், பிள்ளைங்களுக்கு வச்சிக்கன்னுட்டாரு. பிள்ளைங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. வேற யாருக்காவது ஊத்துங்க" என்றார்.

வெகுநாள் ஆகவில்லை. நோயாளிகளை ஏற்றப் பதிலுக்கு வந்த லோரியின் புது ஓட்டுநர் பொழுது சாய்ந்தால் கண் தெரியவில்லை என்று வந்து நின்றார். சான்றிதழைப் புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறது என்றார். பார்வை திரும்பாவிட்டால் அவரைச் சயாமுக்குக் கூலியாகக் கொண்டுபோவார்கள், திரும்பினால் ஓட்டுநராக. மருத்துவர் என்னைப் பார்த்தார். அன்றும் தோட்டத்திலிருந்து நோயாளிகளை ஏற்றிவர வேண்டியிருந்தது. அவர்களை மட்டும் நினைத்துக்கொண்டு போத்தலைச் சாய்த்தேன். அந்த மனிதர் நன்றியோடு வாயைத் திறந்து காத்திருந்தார்.