ஹாம்பர்கில் எட்டு நிமிடம்

சுவிட்சர்லாந்தில் எங்கள் ஓல்ட்டனில் யார் வீட்டு ஜன்னலைத் திறந்தாலும் ரயில் சத்தம் கேட்கும். நாட்டின் நாலு திசை வண்டிகளும் இங்கேதான் சந்தித்து, ஆட்களை மாற்றிக்கொண்டு போகின்றன. இப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்கு ரயில் பிடித்துப்போவதில் அதிசயம் எதுவும் இல்லை. வெர்னர் கீசினின் விஷயத்தில் அந்தப் பிடித்தம் கொஞ்சம் முற்றிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

அவர் பள்ளிக்கூடத்துப் பராமரிப்பாளர். முப்பத்தோரு வருடமாகத் தரை துடைக்கிறார், கொதிகலனைக் கவனிக்கிறார், பிள்ளைகள் தொலைக்கும் ஒற்றைக் கையுறைகளை ஒரு பெட்டியில் சேர்த்துவைக்கிறார். அறுபத்தோரு வயதாகியும் விமானத்தில் காலெடுத்து வைத்ததில்லை. தேனிலவுக்கு மனைவி மட்லேனைப் பலெர்மோவரை ரயிலிலேயே கூட்டிப்போனார். போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள், கடலைப் பார்க்க நடுவில் நாலு நாள். மகள் ஃப்ளூரினா நடக்கப் பழகியதே வியன்னா போகும் வண்டியின் நடைபாதையில்தான். வருடத்துக்கு ஒருமுறை தேவாலய மண்டபத்தில் படம் காட்டி, தரையிலேயே பயணம் போவதன் மேன்மையைப் பற்றிப் பேசுவார். விமானப் புகையில் உருகும் பனிமலைகள் திரையில் வரும்போது அவர் குரல் தழுதழுக்கும். கேட்டவர்கள் கைதட்டிவிட்டு அடுத்த வாரமே மயோர்கா தீவுக்கு விமானம் ஏறிவிடுவார்கள்.

அப்படி ஏறுகிறவர்களில் முதல் ஆள் அவருடைய நண்பர் ஆல்வின். நாற்பது வருடம் ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ரயிலடி உணவகத்தில் இருவரும் ஒரே மேசையில் உட்காருவார்கள்.

"நீயெல்லாம் ஒரு ரயில்காரனாய்யா?" என்பார் வெர்னர்.

"நாற்பது வருஷம் அதுலதானே உட்கார்ந்தேன். இனிமேலாவது சும்மா பறக்க விடு" என்பார் ஆல்வின்.

வெர்னரின் கொள்கையை ஊரே மதித்தது. அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று மட்லேனுக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணமான மூன்றாம் வருடம் ஒருதடவை இருவரும் சூரிச் விமான நிலையம்வரை போனார்கள். சோதனை வாசலில் வெர்னர் பெட்டியை இறக்கிவைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. இருவரும் ரயிலேறி வீடு திரும்பினார்கள். பனிமலைகளைப் பற்றிய கவலை அவருக்கு வந்தது அதற்குப் பிறகுதான். கவலை பொய்யில்லை, ஆனால் வந்த நேரம் ரொம்பத் தோதாக இருந்தது. மட்லேன் இத்தனை வருடத்தில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஃப்ளூரினாவுக்குக் கோபன்ஹேகனில் காற்றாலை நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. மட்லேன் வருடத்துக்கு மூன்று தடவை பறந்துபோய் மகளைப் பார்த்துவிட்டு வருவாள். வெர்னர் போனது ஒரே தடவை. பதினைந்து மணி நேரம் போய், பதினைந்து மணி நேரம் வந்து, இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்திருந்தார். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை தொலைபேசிதான். அதிலும் பாதி நேரம் அங்கே என்ன வெயில், இங்கே என்ன மழை என்பதிலேயே போய்விடும்.

அந்த ஃப்ளூரினாவுக்கு இப்போது கல்யாணம். மாப்பிள்ளை எஸ்பன் டென்மார்க்காரன். கோபன்ஹேகன் நகர மன்றத்தில் சனிக்கிழமை காலை பத்து இருபதுக்குப் பதிவு. அங்கே வரிசையாகக் கல்யாணங்கள் நடப்பதால் ஒரு ஜோடிக்குப் பத்து நிமிடம்தான். பத்து முப்பதுக்கு அடுத்த ஜோடி உள்ளே வந்துவிடும்.

"சாட்சிக் கையெழுத்து நீதான்பா போடணும்" என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். வெர்னர் அன்று முழுக்கப் பள்ளிக்கூடத்துத் தரையைச் சீட்டியடித்துக்கொண்டே துடைத்தார்.

பிறகு உட்கார்ந்து திட்டம் போட்டார். வெள்ளிக்கிழமை பாஸலில் வண்டி ஏறினால் மாலை ஐந்து நாற்பதுக்கு ஹாம்பர்க். அங்கிருந்து ஐந்து நாற்பத்தெட்டுக்குக் கோபன்ஹேகன் வண்டி. வியாழக்கிழமையே விமானத்தில் கிளம்பவிருந்த மட்லேன் அந்தத் தாளைப் பார்த்தாள்.

"வெர்னர், அது அன்னிக்குக் கடைசி வண்டி. ஒரு நாள் முன்னாடியே கிளம்பேன்."

"எதுக்கு? மாறுறதுக்கு எட்டு நிமிஷம் இருக்கே."

"எட்டு நிமிஷம்தான் இருக்கு."

"ஓல்ட்டன்ல நாலு நிமிஷத்துல மாறுறோம். எட்டு நிமிஷத்துல நான் ஒரு காப்பியே குடிச்சுடுவேன்."

ஆல்வினும் சொல்லிப் பார்த்தார். "யோவ், நான் வண்டி ஓட்டினவன், சொல்றேன் கேளு. எல்லை தாண்டிட்டா அந்த எட்டு நிமிஷத்த நம்புற ஆள் உலகத்துலயே நம்ம ஊர்க்காரன் ஒருத்தன்தான். பேசாம கையில ஒரு விமான டிக்கெட் வச்சுக்க."

"என் பொணத்தத்தான் அதுல ஏத்தணும்."

"அதுக்குத் தனி டிக்கெட்டுய்யா" என்றார் ஆல்வின்.

வெள்ளிக்கிழமை வெர்னர் ராஜாவைப்போலக் கிளம்பினார். ரொட்டி, பாலாடைக்கட்டி, உலர்ந்த இறைச்சிக் குச்சிகள், வேகவைத்த முட்டை, கோட்டுப்பையில் கையெழுத்துப் போடுவதற்கென்றே வாங்கிய பேனா. ஃப்ராங்ஃபர்ட்வரை வண்டி ஒரு நிமிடம் பிசகவில்லை. ஆல்வினுக்கு அதைப் படம் பிடித்து அனுப்பினார். காஸல் நகரம் தாண்டி ஒரு முள்ளங்கி வயலுக்கு நடுவே வண்டி நின்றது. ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கிளம்பியபோது பதினொரு நிமிடம் தாமதம். பெட்டியில் இருந்த ஒருவரும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வெர்னர் மட்டும் எழுந்துபோய் நடத்துநர் அம்மாவைப் பிடித்தார்.

"ஹாம்பர்க்ல கோபன்ஹேகன் வண்டி காத்திருக்குமில்லீங்களா?"

"எதுக்குங்க?"

"நாங்க வர்றோமே."

"நீங்க சுவிட்சர்லாந்தா?" என்று அந்த அம்மாள் இரக்கத்தோடு கேட்டாள்.

எங்கள் ஊரில் வருகிற வண்டிக்காக நிற்கிற வண்டி இரண்டு மூன்று நிமிடம் பொறுக்கும். அப்படிப் பொறுக்காத உலகமும் இருக்கிறது என்பது வெர்னருக்கு அறுபத்தோரு வயதில், பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிய ஹாம்பர்க் நடைமேடையில்தான் உறைத்தது. வண்டி போய் மூன்று நிமிடம் ஆகியிருந்தது. மறுநாள் முதல் ரயில் கோபன்ஹேகன் சேரும்போது மணி பன்னிரண்டாகிவிடும். இரவுப் பேருந்தில் ஓர் இடம்கூட இல்லை.

நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார். அழுவாளோ, சத்தம் போடுவாளோ என்று பயந்துகொண்டே நடந்ததைச் சொன்னார்.

"பரவாயில்லப்பா" என்றாள் ஃப்ளூரினா. உடனே சொன்னாள், சிரித்துக்கொண்டே சொன்னாள். "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவேல்ல, அது போதும். கையெழுத்துக்கு எஸ்பனோட அக்கா இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லிவச்சிருக்கேன்."

"இப்பதானேம்மா எனக்கே வண்டி போச்சு. அதுக்குள்ள எப்ப சொன்னே?"

"போன மாசம்பா. ஒருவேளை முடியாமப் போச்சுன்னா இருக்கட்டுமேன்னு..."

வெர்னர் சரி என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். அவள் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார், ஜெர்மனியையே திட்டித் தீர்த்திருப்பார். கோபமே இல்லாத அந்தப் 'பரவாயில்ல'தான் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. அப்பா வரமாட்டார் என்பதை மழைக்குக் குடை எடுத்துவைப்பதுபோல அவள் சாதாரணமாக எடுத்துவைத்திருந்தாள். ஆறு வருடத்தில் அப்படிப் பழகியிருந்தாள், பழக்கியது அவர்தான். அடுத்து மட்லேனைக் கூப்பிட்டார்.

"காலைல ஏழு இருபதுக்கு ஒரு விமானம் இருக்கு, வெர்னர்" என்றாள் அவள், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே. "ஒரு சீட்டுக்குப் பணம் கட்டிட்டேன். ஏறுறதும் ஏறாததும் உன் இஷ்டம்."

"ஃப்ளூரினாகிட்ட சொல்லாத."

"சொல்லல. இத்தனை வருஷமா எதைத்தான் சொன்னேன்?"

மறுநாள் விமானத்தில் பதினான்காம் வரிசை ஜன்னல் இருக்கையில் வெர்னர் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதற்கு மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "நடுவில எங்கயாவது நிக்குமா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. கடைசியில ஒரு தடவைதான் நிக்கும்."

விமானம் எழும்பியபோது பக்கத்தில் இருந்த அம்மாளின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் விடுவித்துக்கொள்ளவில்லை, புத்தகத்தை மட்டும் மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். சிறுவயதில் கற்ற ஒரே ஜெபத்தை நாலு தடவை சொன்னார், ஐந்தாவது தடவை நடுவில் மறந்துபோனது. கண்ணைத் திறந்தபோது கீழே கடல் தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் முடிந்துவிட்டது. சக்கரம் தரையைத் தொட்டதும் பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு நிமிடம். இன்னொரு தடவை பார்த்தார்.

பத்து மணிக்கு ஃப்ளூரினா வெள்ளைக் கவுனில் நகர மன்றத்துப் படிகளுக்கு வந்தபோது மேல்படியில் வெர்னர் நின்றுகொண்டிருந்தார். ஒன்பதேகாலிலிருந்தே நிற்கிறார். முகத்தில் இன்னும் ரத்தம் ஓடவில்லை.

"அப்பா! ரயில் எப்படிக் கிடைச்சுது?"

"ரயில் இல்ல. பறந்து வந்தேன்."

அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். மட்லேன் எதிர்ப்பக்கத்துக் கட்டடத்தை ரசித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பயம்மா" என்றார் வெர்னர். "பனிமலையெல்லாம் அப்புறம்தான். முதல்ல பயம். எப்பவுமே பயம்தான்."

"எனக்கு எட்டு வயசுலயே தெரியும்பா."

அவர் ஏதோ கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். "ஐம்பத்திரண்டு நிமிஷம்தான் ஃப்ளூரினா. சூரிச்லருந்து வந்தாலும் ரெண்டு மணி நேரம் ஆகாதாம். ஆறு வருஷமா நீ இவ்வளவு பக்கத்துலயா இருந்தே? நான் ஒரே ஒரு தடவைதான்..."

ஃப்ளூரினா கோணலாகக் கிடந்த அவர் கழுத்துப்பட்டையை நேராக்கினாள். "ரெண்டு தடவைப்பா. இன்னிக்கும் சேர்த்துச் சொல்லு."

உள்ளேயிருந்து அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். எஸ்பனின் அக்கா, யாரும் சொல்லாமலே, சாட்சி நாற்காலியை விட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.