சாம்பிராணிப் புகையில் பெப்பர்மிண்ட் தைலம்

ஐம்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி ராயபுரம் வந்த புதிது. கடற்கரையை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. முன்பக்கம் என் கணவரின் மளிகைக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்களுக்கு அங்கே சொந்தபந்தம் கிடையாது. தலைப்பிள்ளை பிறந்தபோது கைகொடுத்தவள் பக்கத்து வீட்டு மீனவப் பெண்தான். என்னைவிடச் சற்று மூத்தவள், அதனால் அக்கா. மீன் விற்றுவிட்டு வந்து, தலை முழுகி, என் மகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவாள். வாய் ஓயவே ஓயாது. கை மட்டும் பூப்போல இருக்கும்.

அப்போது எங்கள் சந்தில் பெப்பர்மிண்ட் தைலம் இல்லாத வீடு அபூர்வம். வயிறு உப்பினால் வெந்நீரில் ஒரு சொட்டு, தலைவலித்தால் நெற்றிப்பொட்டில் ஒரு தடவல். எல்லாரும் எங்கள் கடையில்தான் வாங்குவார்கள். என் கணவரும் சர்வரோக நிவாரணி என்று அளந்துவிடுவார்.

மகளுக்கு அப்போது இரண்டு மாதம். மழைக்காலம். சளி கட்டி, பால் குடிக்கத் திணறினாள். குளிப்பாட்டியதும் அக்கா வழக்கம்போலத் தணலில் சாம்பிராணி போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்து, துணி விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்தாள். பிறகு இடுப்பிலிருந்து தைலப் புட்டியை எடுத்தாள்.

"சளி கட்டிகினு கீதே, ரெண்டு சொட்டு வுட்டா மூக்கு தொறந்துக்கும் பாரு" என்று தணலில் விட்டாள்.

குப்பென்று கிளம்பிய காரத்தில் என் கண்ணே எரிந்தது. குழந்தை ஒருமுறை கேவியது. அப்புறம் சத்தமே இல்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. நான் அலறினேனே தவிர, கால் நகரவில்லை. அக்கா குழந்தையை வாரிக்கொண்டு ஈரப் புடவையோடு கடற்கரைக்கு ஓடினாள். "மூச்சு வுடும்மா, என் கண்ணுல்ல" என்று முதுகைத் தட்டியபடியே ஓடினாள். கடற்காற்று முகத்தில் அடித்ததும் மகள் வீறிட்டாள் பாருங்கள், அவ்வளவு இனிமையான அழுகையை நான் பிறகு கேட்டதேயில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பயமில்லை என்றார். கூடவே நல்ல திட்டு. அந்தத் தைலம் பெரியவர்களுக்குத்தான், அதுவும் துளியளவு. கைக்குழந்தையின் மூக்கருகே அந்தக் காரம் போனால் மூச்சே நின்றுவிடும் என்றார்.

என் கணவர் வீடே அதிரக் கத்தினார். "இனிமே அவ நம்ம வாசப்படி மிதிக்கப்பிடாது!"

"புட்டிய வித்தது யாரு? பச்சப்பிள்ளைக்கு ஆகாதுன்னு நீங்க சொன்னியளா?" என்று கேட்டேன். அதன் பிறகு, வீட்டில் கைக்குழந்தை உண்டா என்று விசாரிக்காமல் யாருக்கும் அவர் தைலம் கொடுத்ததில்லை.

மறுநாள் அக்கா வரவில்லை. நானே குழந்தையோடு போனேன். சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"கொயந்தைய கொல்லப் பாத்தேனே, இன்னா மூஞ்ச வச்சிகினு உன் வூட்டுக்கு வர்றது?"

"வெந்நி ஆறிப்போகுதுக்கா" என்று சொல்லிக் குழந்தையை நீட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

அக்கா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. அன்று கோபத்தில் கதவைச் சாத்தியிருந்தால், சொந்தமே இல்லாத ஊரில் கிடைத்த ஒரே அக்காவை நானே தொலைத்திருப்பேனே என்று நினைக்கும்போது, இன்றும் நெஞ்சு பதைக்கிறது.