பனியில் சீறிய டிரான்ஸ்பார்மர்

போன மார்கழியில் நடந்தது. அரியலூர்ப் பக்கம், சிமெண்ட் ஆலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு துணை மின் நிலையத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்திருந்தேன். பாடாலூரில் களை வெட்டப் போகும் என் அம்மாவுக்கு, எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதில் அவ்வளவு பெருமை. எனக்கும்தான்.

அங்கிருந்த பெரிய டிரான்ஸ்பார்மர் ஒரு புதிர். கொட்டும் மழையில் பேசாமல் இருக்கும். விடிகாலைப் பனி இறங்கினால், மேலே மின்கம்பி நுழையும் பீங்கான் புஷிங்குகள் ‘ஸ்ஸ்’ என்று சீறும். நீலமாகப் பொறி ஓடும். பீங்கான் வெடித்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் தீப்பற்றும். சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் பல நாள் இருட்டில்தான்.

எண்ணெயைச் சோதித்தோம், நன்றாகவே இருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, புஷிங்குகள் மேல் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினோம். அடுத்த பனிக்குச் சீற்றம் கூடிவிட்டது.

“குளிப்பாட்டுனா கோவம் வருதும்மா இதுக்கு. எங்க வூட்டுப் பூனை மாதிரி” என்றார் லைன்மேன் அண்ணன்.

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் மண்டைக்குள் குடைந்தது. கழுவினால் ஏன் கூட வேண்டும்?

வேலியோரத்து அரளி இலையைச் சும்மா ஊதினேன். சிமெண்ட் தூசி பறந்தது. குழாயடியில் தண்ணீர் தெறிக்கும் அரளியையும் ஊதினேன். பறக்கவில்லை. இலையை மடக்கினால், சுவர்ப் பூச்சு போல வெடித்து உதிர்ந்தது.

தூசியைக் கழுவுவதாக நினைத்து, பீங்கானுக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தோம்! அந்தச் சொரசொரப்பில் புதுத் தூசி தங்கும். மழை அதை அடித்துக்கொண்டு போகும். பனி நனைப்பதோடு சரி. நனைந்த தூசி வழியே மின்சாரம் ஓடப் பார்க்கிறது.

மறுபடி மின்சாரத்தை நிறுத்தித் தேய்த்தெடுக்க அனுமதி கேட்டு அதிகாரியிடம் ஓடினேன்.

“திரும்பவும் நிறுத்தறதா? ஊரே போன் போட்டுத் திட்டும்மா.”

இரண்டு அரளியிலிருந்தும் புதிதாக ஒவ்வொரு இலை பறித்து வந்து மேஜையில் வைத்தேன். “ஊதிப் பாருங்க, சார்.”

ஊதினார். பறக்காத இலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “சரி, நாளைக்கு நிறுத்திக்க. மறுபடி சீறுச்சுன்னா, வர்ற போனெல்லாம் நீதான் எடுக்கணும்.”

பகல் முழுக்கத் தேங்காய் நாரால் தேய்த்தோம். காய்ந்த துணியால் துடைத்தோம். மறுநாள் எதிரே ஆள் தெரியாத பனி. கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். டிரான்ஸ்பார்மரின் வழக்கமான ரீங்காரம் மட்டும்தான்.

“என்னம்மா, பூனை தூங்கிடுச்சு போல!” என்றார் அண்ணன்.

இப்போது எங்கள் பராமரிப்பில் முதலில் காய்ந்த துணி, பிறகுதான் தண்ணீர். எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும், அதற்கு நாம் என்ன செய்தோம் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.