குப்பைமேட்டில் இறங்கிய மாடுகள்

உத்திரமேரூரில் பெரிய தெருக்காரர்கள் குப்பை கொட்டுவதற்கு எங்கள் தெருமுனைதான் வசதியாக இருந்தது. எச்சில் இலை, உடைந்த பானை, செத்த எலி, கல்யாணம் முடிந்த மறுநாள் வாடிப்போன வாழைமரம், எல்லாம் அங்கேதான் வந்து சேரும். கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடாதவர்கள் வாழைமரத்தை மட்டும் மறக்காமல் அனுப்பிவைத்தார்கள்.

எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஏரி வறண்டு கழனி வேலை நின்றுபோயிற்று. எங்கள் தெருவில் எல்லாரும் கூலிக்குப் போகிறவர்கள். ஒருவருக்கும் கையகல நிலம் கிடையாது. அந்தக் குப்பைமேட்டைத் தோட்டமாக்கலாம் என்று கிளம்பியவள் என் அத்தை. நைனாவின் அக்கா. புருஷன் செத்த பிறகு எங்களோடு வந்து இருந்தாள். வாய் ஓயாதவள்.

"இத்தினி வருசமா அவங்க கொட்னது அத்தினியும் எருவாயிக் கெடக்குது. வூட்டாண்டயே எருவ வெச்சிக்கினு பட்டினி கெடப்பாங்களா?" என்று வீடு வீடாகப் போய்ப் பேசினாள்.

பெண்கள்தான் இறங்கினார்கள். கண்ணாடிச் சில்லு பொறுக்கி முடிப்பதற்குள் பாதிப் பேர் காலில் துணி சுற்றிக்கொண்டு நொண்டினார்கள். அதோடேயே மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டினார்கள், கருவேல முள் வெட்டிவந்து வேலி போட்டார்கள். தெருவுக்கு இருந்த ஒரே கைப்பம்பில் வழிகிற தண்ணீரை வாய்க்கால் கிழித்துத் தோட்டத்துக்குத் திருப்பினார்கள். கத்திரி, வெண்டை, முளைக்கீரை. வேலியோரமாகச் சுரையும் பூசணியும். யாருக்கும் தனிப் பாத்தி கிடையாது. சாயங்காலம் பறித்ததையெல்லாம் சாக்கில் கொட்டி அத்தை கூறு போடுவாள். மண்வெட்டி பிடிக்க முடியாத கிழவிகளுக்கும் கூறு உண்டு. ஒருத்தி அதைப் பற்றி முணுமுணுத்தபோது, "அவ வூட்லயும் அடுப்பு எரியணும் இல்ல?" என்று அத்தை கேட்டாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாடி வீட்டுக்காரர் இருந்தார். அவருடைய மாடுகளைப் பார்த்துக்கொள்வதுதான் நைனாவின் வேலை. அவர் நைனாவைவிட வயதில் சின்னவர். நைனாவை "வாடா போடா" என்பார். நைனா அவரை எஜமான் என்ற பொருளில் "ஆண்டே" என்பார். அத்தை மட்டும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டாள். சொல்லவேண்டிய இடத்தில் இருமிக்கொள்வாள். அந்த வீட்டுப் பக்கம் போனாலே அத்தைக்கு இருமல் வந்துவிடும் என்று தெருவே சிரிக்கும்.

அந்த வருஷம் அவர் கழனியில் மட்டும் பம்புசெட்டில் தண்ணீர் இருந்தது. களை எடுக்கப் பெண்கள் வேண்டும். வேறெங்கும் வேலை இல்லை என்பது தெரிந்து, பாதிக் கூலிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். முன்பு ஒரு வறட்சியில் அப்படித்தான் ஓடியிருக்கிறார்கள். இந்த முறை யாரும் அசையவில்லை.

"முழுக் கூலி குடுத்தா வரோம். இல்லன்னா எங்களுக்குத் தோட்டத்துல வேல கீதுன்னு போய்ச் சொல்லு" என்றாள் அத்தை. வந்த ஆளுக்கு ஒரு சுரைக்காயும் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா பிரசவத்துக்காகப் பழையசீவரத்தில் தாய் வீட்டில் இருந்தாள். தெருப் பெண்கள் ஏரிக்கரைக்கு முள் விறகு வெட்டப் போயிருந்தார்கள். தோட்டக் காவல் அன்றைக்கு எங்கள் வீட்டு முறை என்பதால் நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நைனா மாடுகளை ஓட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார். பின்னால் குடை பிடித்தபடி மாடி வீட்டுக்காரர் வந்தார். வேலிக்குப் பக்கத்தில் நைனா நின்றுவிட்டார்.

"இன்னாடா நிக்கிற? முள்ள எடு."

"ஆண்டே... பொம்பளைங்க பாடுபட்டு வெச்சது ஆண்டே."

"எங்கப்பன் காலத்துலேந்து எங்க குப்பையக் கொட்ற எடம். என் குப்பையில மொளச்சத என் மாடு திங்காம எவன் மாடு திங்கும்? எடுறா!"

நைனா குனிந்து வெறுங்கையால் முள்ளைப் பிடித்து இழுத்தார். ஒரு கட்டு, இன்னொரு கட்டு. நான் ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் நைனா, வேணாம் நைனா" என்று கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பச்சையைக் கண்டே பல நாள் ஆன மாடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தன. கீரைப் பாத்தி ஒரு நொடியில் குளம்படிச் சேறாயிற்று. பூசணிக் கொடி ஒரு மாட்டின் கொம்பில் மாட்டிக்கொண்டு காயோடு இழுபட்டுப் போனது.

"ஒம் பொண்ணா? நல்லாத்தான் காவல் காக்குது" என்று சிரித்துவிட்டு அவர் குடையோடு திரும்பி நடந்தார்.

நான் ஏரிக்கரைக்கு ஓடினேன். மூச்சு இரைக்க, பார்த்ததை ஒன்று விடாமல் அத்தையிடம் சொன்னேன். பெண்கள் விறகுக் கட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஒருத்தி கல்லை எடுத்தாள். அத்தை அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"வாயில்லாத ஜீவன அடிச்சி இன்னா பண்ணப்போற? ஓட்டுங்கடி பட்டிக்கு!"

பயிரை மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்க ஊரில் ஒரு பட்டி இருந்தது. எங்கள் தெரு ஆடுகளையும் கன்றுகளையும் எத்தனையோ தடவை அதில் அடைத்திருக்கிறார்கள். மாடி வீட்டு மாடு அந்த வாசலை மிதித்ததே இல்லை. பெண்கள் அவற்றைப் பெரிய தெரு வழியாகவே ஓட்டினார்கள். வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். நைனா கடைசியில், தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

பட்டிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "இது யார் மாடுன்னு தெரிஞ்சிதான் இட்டாந்தீங்களா?"

"தெரிஞ்சிதான் இட்டாந்தோம்" என்றாள் அத்தை.

கூட்டம் சேர்ந்தது. மாடி வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். வேலி சரியில்லாத இடத்தில் மாடு நுழைந்ததற்கு யார் என்ன செய்வது என்றார். "முள்ளு தானா எழுந்து நடந்துச்சா?" என்று அத்தை கேட்டாள். பட்டிக்காரர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் நைனாவிடம் திரும்பினார்.

"மாடு ஓட்றவன் நீதான? நீ சொல்லு. எப்டிப் பூந்துச்சி?"

நைனா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நான்தாங்க. கண்ணு அசந்துட்டேன். மாடு முட்டிக்கினு பூந்துட்ச்சி."

நான் முன்னால் போய்க் கத்தினேன். "பொய்! அவருதான் முள்ள எடுக்கச் சொன்னாரு! நான் பாத்தேன்!"

நைனாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அதற்கு முன் அவர் என்னை அடித்ததே இல்லை. நான் அத்தையைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். வாய் ஓயாத அத்தை தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்; ஒரு வார்த்தை பேசவில்லை.

மேய்ந்தது மேய்ந்ததுதான், அபராதம் கட்டாமல் மாட்டை விட முடியாது என்று பட்டிக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வீட்டிலிருந்து பணம் வரும்வரை மாடி வீட்டுக்காரர் பட்டி வாசலில் எங்கள் தெருப் பெண்களுக்கு நடுவே வெயிலில் நிற்கவேண்டியிருந்தது. மாடுகள் வெளியே வந்ததும் நைனாவைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "மாட்டப் பாத்துக்கத் துப்பில்லாதவன் எனக்கு எதுக்குடா? நாளையிலேந்து வராத" என்றார்.

ஏவியவர் அவர். தண்டித்தவரும் அவரே. இப்போதாவது நைனா உண்மையைச் சொல்வார் என்று நான் அவர் வாயையே பார்த்தேன். வேலைதான் போய்விட்டதே, இனி என்ன பயம்?

"சரிங்க ஆண்டே" என்றார் நைனா.

மாடி வீட்டுக்காரர் செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. நான் அவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் அன்றைக்கு என் கோபம் முழுவதும் நைனா மேல்தான் இருந்தது. அவர் தோட்டத்தில் புது முள் வைத்துக் கட்டினார், மிதிபட்ட கத்திரிச் செடிகளை நிமிர்த்தி மண் அணைத்தார், பம்படியிலிருந்து தண்ணீர் சுமந்தார். நான் அவர் பக்கம் போகவில்லை. "கண்ணு" என்று கூப்பிட்டால் தெருக்கோடிக்கு ஓடினேன்.

அந்த வாரமே மாடி வீட்டிலிருந்து மறுபடியும் ஆள் வந்தான். களை பயிரை மூடிக்கொண்டிருந்தது. முழுக் கூலி தருகிறார், பெண்கள் எல்லாரும் வரலாம் என்றான். பட்டி வாசலில் நைனா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டதால், என் பேச்சைச் சின்னப் பிள்ளை உளறல் என்று ஊர் தள்ளிவிட்டிருந்தது. அதனால் எங்கள் தெருவைக் கூப்பிடுவதில் அவருக்கு மானக்குறைவு ஒன்றும் இல்லை. பெண்கள் போனார்கள், அத்தையும் போனாள். அது எனக்கு இன்னொரு துரோகமாகப் பட்டது. நைனாவை மட்டும் அந்த வீட்டில் திரும்பச் சேர்க்கவே இல்லை.

முதல் நாள் கூலி நெல்லை அத்தை மடியில் கட்டிக்கொண்டு சாயங்காலம் வந்தாள். நேராகத் தோட்டத்துக்குப் போனாள். பாத்தியோரம் உட்கார்ந்திருந்த நைனாவுக்கு முன்னால் துண்டை விரித்து, நெல்லை அதில் கொட்டினாள்.

"இது ஒன்னுதுடா" என்றாள்.

நைனா நெல்லைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். வெயிலில் குனிந்து களை எடுத்தவள் அத்தை. நெல் எப்படி நைனாவுடையதாகும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்த கோபத்தில் நான் கேட்கவும் இல்லை.