தங்கவேலு கிராணி எழுதிய பதினெட்டுப் பெயர்கள்

தங்கவேலு கிராணியின் பேரன் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி, இறங்காமலே சொன்னான்: "தாத்தா போயிட்டாரு. ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு அப்பா சொன்னாரு." பாக்கார் ஆராங்கில் என் வீட்டில் நான் அப்போதுதான் பசியாற உட்கார்ந்திருந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்தேன். அழுகை வரவில்லை. எண்பதைத் தாண்டியவர், மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர், எதிர்பார்த்த சாவுதான். ஆனால் சட்டையை மாட்டும்போது பொத்தான்களை ஓட்டை மாற்றிப் போட்டுவிட்டேன். என் மனைவிதான் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பெரும்பாலோர் அவரைக் கோயில் செயலாளராகத்தான் அறிவீர்கள். கூட்டக் குறிப்பில் ஒரு வரி பிசகினால் தலைவரையே எழுப்பி நிற்கவைத்துக் கேட்பார். முறை, முறை என்று உயிரை வாங்குவார். அவர் காதுபடவும் படாமலும் "சட்டக் கிராணி" என்று நாம் கேலி செய்திருக்கிறோம். அந்த மனிதர் ஒரு காலத்தில் வாய் கூசாமல், கை நடுங்காமல் பொய் எழுதினார் என்று சொன்னால் நம்புவீர்களா? அந்தப் பொய்யில் பதினேழாவது பொய் நான்.

ஜப்பான்காரன் காலம் அது. வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். ரப்பர் வாங்க ஆளில்லை. பாலுக்காக மரத்தை யாரும் வெட்டவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி மரவள்ளி நட்டு அதைத்தான் தின்றோம். கையில் இருந்த, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டுக்கு எதுவும் கிடைக்காது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் உத்தரவு வரும். போனவன் எவனும் திரும்பி வந்ததில்லை. கல்யாணமாகாத இளந்தாரிகளைத்தான் முதலில் எடுப்பார்கள். நான் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். தாய் தகப்பன் இல்லை, பெண்டாட்டி இல்லை. என்னைவிடத் தோதான ஆள் அவர்களுக்கு எங்கே கிடைக்கும்?

துரை பங்களாவில் வந்து தங்கிய ஜப்பான் அதிகாரிக்குக் காற்பந்துப் பைத்தியம் இருந்தது. எங்கள் தோட்டத்துக்கு நல்ல அணி ஒன்று வேண்டும், சுற்றுவட்டாரத் தோட்டங்களை ஜெயிக்க வேண்டும் என்றார். அப்போது தங்கவேலு அண்ணன் எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. பந்தை ஒரு தடவைகூட உதைத்தறியாதவர். மறுநாளே ஓர் ஒப்பந்தத்தை மலாயில் எழுதி எடுத்துக்கொண்டு போய் நின்றார். ஆட்டக்காரனுக்கு வாரம் மூன்று காத்தி, அதாவது இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக அரிசி, கொஞ்சம் உப்பு. பின்னேரம் வேலை கிடையாது, பயிற்சி. பெயர் கொடுத்தவனை எந்த வேலைக்கும் தோட்டத்தை விட்டு வெளியே அனுப்பக்கூடாது. அரிசியைப் பற்றி அதிகாரி பேரம் பேசினார். அண்ணன் விட்டுக்கொடுப்பதுபோல் நடித்து மூன்றாவது விதியைக் காப்பாற்றிக்கொண்டார். அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

அடுத்து, ஓர் அணிக்கு எத்தனை பேர் என்ற பேச்சு வந்தது. பதினொன்று என்பது அதிகாரிக்கும் தெரியும். காய்ச்சலில் விழுவான், காலை ஒடித்துக்கொள்வான், துவான், உங்கள் அணி ஆளில்லாமல் நின்றால் யாருக்குக் கேவலம் என்று சொல்லிச் சொல்லியே அண்ணன் பதினெட்டுக்கு முத்திரை வாங்கிவிட்டார். அந்தப் பதினெட்டில் உண்மையாக ஆடத் தெரிந்தவர்கள் ஒன்பது பேர். மற்ற ஒன்பது பேரில் ஒருவன் தப்படிப்பவன், ஒருவனுக்கு மாலைக்கண், ஒருவன் நான். எங்களுக்கெல்லாம் முன்பு ஆடிய தோட்டம் என்று ஏதாவது ஒரு பெயரை எழுதி, அங்கிருந்து மாறி வந்ததாகவும் காட்டினார். என்னை லெஃப்ட் பேக் என்று எழுதினார். லெஃப்ட் பேக் என்றால் என்ன என்று கேட்டேன். "பின்னால நிக்கிறது. அது போதும் ஒனக்கு," என்றார்.

பட்டியலில் பதினாறாவது பெயர் வடிவேலு. அண்ணனின் கூடப் பிறந்த தம்பி. அவன் ஆடியதைப் பார்த்தவர்கள் இப்போது அதிகம் பேர் இல்லை. பந்து அவன் காலை விட்டுப் போகாது. சிடாம் கிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்று, நான்கு காத்தி அரிசி தருகிறோம், எங்களிடம் வந்து ஆடு என்று அவனை நச்சரித்துக்கொண்டே இருந்தது. அண்ணனை விட்டு வரமாட்டேன் என்றான். என் பெயருக்கு மேல் அவன் பெயர் இருந்ததில் எனக்கு அந்த நாளில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சுங்கை பட்டாணியிலிருந்து ஓர் அணி வந்து ஆடியது. அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாதி ஆட்டத்தில் ஒருவன் சுருண்டு விழ, என்னை இறக்க வேண்டியதாயிற்று. பந்து எந்தப் பக்கம் வருகிறதோ அதற்கு எதிர்ப் பக்கம் ஓடு, ஆனால் நிற்காதே என்று அண்ணன் சொல்லியிருந்தார். நானும் ஓடினேன். கடைசியில் பந்து என்னையே தேடிவந்து காலடியில் நின்றது. நான் குனிந்து அதைக் கையில் எடுத்து, துடைத்து, எதிரணிக்காரனிடம் மரியாதையாக நீட்டினேன். திடல் முழுக்கச் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் அண்ணனை அழைத்து, பதினெட்டு அதிகம், மாதம் முடிவதற்குள் பதினேழாக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

யார் பெயர் போகும் என்று யாரும் கேட்கவில்லை. நான் மாட்டுக்கொட்டகைக்குப் போய் என் பாயைச் சுருட்டிக் கட்டினேன். பொழுது சாயும்போது அண்ணனும் வடிவேலுவும் வந்தார்கள். கட்டிய பாயைப் பார்த்ததும் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கடா கெளம்பிட்ட? ஆடத் தெரிஞ்சவனுக்கு எந்தத் தோட்டமும் சோறு போடும். தெரியாதவனுக்குத்தான் இந்தக் கடுதாசி வேணும். தம்பி சிடாம் கிரிக்கு மாறிப் போறான்."

வடிவேலு என் தோளில் கை போட்டான். "அங்க ஒரு காத்தி அரிசி கூடக் கெடைக்கும் லா. எனக்கென்ன நஷ்டம்?" என்றான்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு சயாமை நினைத்துப் பயமாக இருந்தது. இத்தனை வருடம் கழித்து அதற்கு வேறு காரணம் சொல்ல நான் விரும்பவில்லை.

ஆள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் முறை தோட்டத்தில் வேலை செய்த உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஆள் பெயர் எழுதும் செக்ரோலை மாதக் கடைசியில் மூடுவார்கள். போகிறவன் பெயரை அன்று வெட்ட வேண்டும். புதுத் தோட்டத்தில், புது மாதத்து முதல் பெரட்டில், அதாவது காலையில் ஆள் கூப்பிடும்போதுதான் பெயர் ஏறும். அந்த முறை செக்ரோல் மூடியதற்கும் முதல் பெரட்டுக்கும் நடுவில் இரண்டு நாள் விடுமுறை விழுந்தது. அண்ணன் முறைப்படி வடிவேலுவின் பெயரை வெட்டினார். செக்ரோலில் ஒரு கோடு, ஒப்பந்தத் தாளில் ஒரு கோடு. இரண்டு நாள் அவன் எந்தத் தோட்டத்து ஆளும் இல்லை. அதைப் பற்றி எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

மறுநாள் துணி மூட்டையோடு சிடாம் கிரிக்கு நடந்து போனவனை, சயாமுக்கு ஆள் பிடிக்கும் லாரி மடக்கியது. எந்தத் தோட்டம் என்று கேட்டிருக்கிறார்கள். புதுத் தோட்டத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறான். அங்கே கொண்டுபோய்க் காட்டினால் அவன் பெயர் இன்னும் ஏறவில்லை. பிறகு லாரி எங்கள் ஆபீசுக்கு வந்தது. நான் வெளியே வண்டியோடு நின்றிருந்தேன். வடிவேலு லாரியின் மேல் உட்கார்ந்தபடி எனக்குக் கையைக் காட்டினான். இங்கே வந்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைத்தான் போலும்.

உள்ளே, எங்கள் ஆள்தான் என்று அண்ணன் சொல்வது கேட்டது. ஆள் பிடிக்க வந்தவன் செக்ரோலைக் கேட்டான். அண்ணன் அதைத் திறக்கவில்லை. அவனே பிடுங்கித் திறந்தான். அண்ணனின் கையெழுத்திலேயே அந்தக் கோடு இருந்தது. மாற்றி எழுத ஒரு நிமிடம் போதும், அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. அதிகாரி அலோர் ஸ்டாருக்குப் போயிருந்தார். லாரி போன பிறகு அண்ணன் படியில் வந்து நின்று, செக்ரோலை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அந்தச் சாலையைப் பார்த்தார். நான் பக்கத்தில் போகவில்லை.

வடிவேலு திரும்பி வரவில்லை. சண்டை முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக வந்தவர்களிடம் எல்லாம் அண்ணன் போய் விசாரித்தார். ஒருவர் பார்த்ததாகச் சொல்வார், இன்னொருவர் அது வேறு வடிவேலு என்பார். அந்த விசாரணைக்கெல்லாம் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். ஒருநாள் திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, "கள்ளக் கணக்கு எழுதினவன் கடைசி வரைக்கும் கள்ளமா எழுதியிருக்கணும். நடுவுல யோக்கியனாயிட்டேன்," என்றார். நான் அழுதேன். "நீ ஏன் அழுவுற? ஒன்ன நான் தப்பா எழுதல," என்றார். பழைய ஒப்பந்தத் தாளை எடுத்து என்னிடம் கொடுத்ததும் அன்றுதான். அவரால் அதை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் நாம் அறிந்த சட்டக் கிராணி ஆனார். நாம் சிரித்தோம்.

அன்று சாவு வீட்டுக்குப் போகும்போது அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவரோடு அனுப்பிவிடலாம் என்று எண்ணம். பங்காளிகள் வரிசையாக வாய்க்கரிசி போட்டார்கள். நான் ஓரமாக நின்றேன். அவர் மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தான்.

"வடிவேலு சித்தப்பா இருந்திருந்தா போட்டிருப்பாரு. நீங்க வாங்க," என்றான்.

வாரம் மூன்று காத்தி எனக்கு அளந்து கொடுத்தவருக்கு நான் ஒரு கைப்பிடி அரிசி போட்டேன். அவ்வளவுதான் என்னால் திருப்பிக் கொடுக்க முடிந்தது.

தாள் என்னிடமே இருக்கிறது. அதில் பதினேழு பெயர்கள் முழுசாக இருக்கின்றன. பதினாறாவது வரியில் ஒரு கோடு. அண்ணன் வெட்டினாலும் அடியிலுள்ள எழுத்துத் தெரியும்படிதான் வெட்டுவார், இன்றும் படிக்கலாம். வடிவேலுவுக்குப் படம் இல்லை, சமாதி இல்லை, செக்ரோலும் எப்போதோ கரையான் தின்றுவிட்டது. அவன் பெயர் எழுதிய தாள் உலகத்தில் இது ஒன்றுதான். அதை எரிக்க எனக்கு மனம் வரவில்லை.